பவர் இல்லாத கண்ணாடி

அமைச்சர் என் சட்டைப்பையில் கையை விட்டு மூக்குக்கண்ணாடியை எடுத்துத் தன் மூக்கில் மாட்டிக்கொண்டார். அப்போது அவர் அமைச்சர் இல்லை, பிரதேச சபையில் ஒரு உறுப்பினர். நான் வடிகான் கட்டும் சின்னக் கொந்தராத்துக்காரன். மேசையில் சிங்களத்தில் அடித்த ஒப்பந்தக் கடதாசி கிடந்தது. தன் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்தவர் என்னுடையதை எடுத்தார். மாட்டியவர் கடதாசியைப் பார்த்தார், ஜன்னல் வழியே வாவியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மட்டக்களப்பு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நடைபாதையில் வாங்கிய கண்ணாடி அது. பவர் கிடையாது. படித்த ஆள் மாதிரித் தெரிய வேண்டும் என்று வாங்கியது.

“நல்ல கண்ணாடி மச்சான். கவனமா வெச்சுக்கொள்,” என்று சொல்லித் திரும்ப என் பையிலேயே வைத்தார். பிறகு கடதாசியைக் கை எட்டுமட்டும் தூரத்தில் பிடித்து, “இவனுகள் என்னத்த எழுதி வெச்சிருக்கானுகள் பாரு,” என்று தனக்குத்தானே புறுபுறுப்பதைப் போல வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போனார். அன்றிலிருந்து எனக்கு வந்த ஒவ்வொரு கடதாசியையும் அவர் அப்படியே புறுபுறுத்தார். நான் கேட்டதில்லை. அவரும் காட்டிக்கொண்டதில்லை.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பொலன்னறுவையில் கல் சுமந்தேன், சாந்து குழைத்தேன். சிங்களம் பேசினால் என்னைத் தமிழன் என்று எவனும் கண்டுபிடிக்கமாட்டான். எழுத்துத்தான் ஒன்றும் தெரியாது. தமிழையே எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் ஆரையம்பதியில் இன்று நிற்கும் மாடிவீடுகளைப் பாருங்கள், பாதி என் கை பட்டவை. அறுபது பேருக்குச் சோறு போட்டேன். முதலாளி சிங்களப் பேப்பரும் வாசிப்பார் என்று அந்த அறுபது பேரும் பெருமையாகச் சொல்வார்கள். அதை அவர்களுக்குச் சொன்னவன் நான்தான்.

அவர் மாகாணசபைக்குப் போனார், அமைச்சரானார், இரண்டு தரம் கட்சி மாறினார். சுத்தமான மனுஷன் என்று சத்தியம் பண்ணமாட்டேன். நியமனங்களில் தன் ஆட்களை நுழைத்தது எனக்குத் தெரியும். ஆனால் அவரை விழுத்தியது அவர் செய்யாத ஒரு காரியம். வாவிக்கரையில் நான் கட்டிய இறங்குதுறை எத்தனையோ வெள்ளம் கண்டும் அசையாமல் நிற்கிறது. அது கட்டிய காலத்தில்தான் அவர் வீட்டுக்குக் கருங்கல் மதிலும் கட்டினேன். மதிலின் கல் என் வளவில் கிடந்த கல். தன் மனைவியின் வயல் நெல்லை விற்று அவர் அதை என்னிடம் வாங்கினார். “இப்ப வேணாம் மச்சான், மறுகா கதை வரும்,” என்று அவர் தடுத்தும் பார்த்தார். நான் விடவில்லை. என்னுடைய அமைச்சர் தகர வேலிக்குள் இருப்பதா?

ஆட்சி மாறியது. மாகாணசபையும் கலைந்தது. இறங்குதுறைக்கு வந்த அரசாங்கக் கல்லில் மதில் கட்டினார் என்று யாரோ பெட்டிசம் போட, கொழும்பிலிருந்து விசாரணைக்காரர் வந்தார்கள். என் வீட்டு விறாந்தையில் இருந்து இரண்டு மணித்தியாலம் நான் சிங்களத்தில் பேசினேன். ஒரு இளம் அதிகாரி எழுதினார். முடிந்ததும், தமிழில் வாசித்துக் காட்ட ஆள் கூப்பிடவா என்று கேட்டார். வாசலில் என் வேலையாட்கள் நின்றார்கள். நான் கண்ணாடியை மாட்டினேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன், தலையாட்டினேன், கையெழுத்து வைத்தேன்.

அந்த வாக்குமூலத்தில் என்ன இருந்தது என்பதை முதன்முதலில் நான் கேட்டது நீதிமன்றத்தில், சாட்சிக் கூண்டில் நின்றுகொண்டு. இறங்குதுறைக் கல்லை அமைச்சர் சொல்லித்தான் அவர் வீட்டில் இறக்கினேன் என்று தமிழில் வாசித்தார்கள். நான் சொல்லாத சொல். எழுதினவர் பிழையாக விளங்கினாரோ, வேண்டுமென்று எழுதினாரோ, தெரியாது.

அமைச்சரின் சட்டத்தரணி எழும்பினார். “ஐயா, உங்களுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியுமா?”

தெரியாது என்ற ஒரு சொல் போதும். பின்வரிசை வாங்கில் என் ஆட்கள், மருமகன், சம்பந்தி.

“ஓம், நல்லா வாசிப்பன்.”

“வாசிச்சுத்தான் கையெழுத்து வெச்சீங்களா?”

“ஓம்.”

சட்டத்தரணி கையிலிருந்த சிங்களக் கடதாசி ஒன்றை என் பக்கம் நீட்ட வந்தார். எதிரிக் கூண்டிலிருந்து அமைச்சர் அவரைப் பார்த்துத் தலையசைத்தார், வேண்டாம் என்று. சட்டத்தரணி கடதாசியை மடித்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார். அந்தத் தலையசைப்பு என் மானத்தைக் காத்ததா, இல்லை என்னைக் கைகழுவியதா? இத்தனை கட்டடம் கட்டியவனுக்கு அது மட்டும் விளங்கவில்லை.

அவரைச் சிறைக்கு அனுப்பினார்கள். மேன்முறையீட்டுக்கு அவர் மனைவி என்னிடம் வந்தார். “அண்ணன், உண்மைய ஒரு சத்தியக்கடதாசியில எழுதித் தந்தாப் போதுமாம்.” மறுகா பார்ப்பம் என்றேன். மூன்று தரம் வந்தார், மூன்று தரமும் அதையே சொன்னேன். நாலாவது தரம் அவர் வரவில்லை. அமைச்சர்தான் வந்தார், பெட்டிக்குள். சிறையில் நெஞ்சுவலி என்றார்கள்.

அந்த மதிலுக்குள்ளேதான் பந்தல் போட்டிருந்தது. ஊரே இருந்தது. ஆம்பிளைகள் நடுவில் அவர் மனைவி நேராக என்னிடம் வந்து ஒரு கடிதத்தை நீட்டினார். சிறை அதிகாரிகள் அனுப்பியது.

“சிங்களத்தில கிடக்கு அண்ணன். நீங்கதானே நல்லா வாசிப்பீங்க. அவருக்கு என்ன நடந்ததெண்டு வாசிச்சுச் சொல்லுங்க.”

பந்தலில் இருந்தவர்கள் என் பக்கம் திரும்பினார்கள். பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினேன். எழுத்துகள் ஒவ்வொன்றும் துலக்கமாகத் தெரிந்தன, ஒன்றும் பேசவில்லை. கடிதத்தைக் கை எட்டுமட்டும் பிடித்துப் புறுபுறுக்கக்கூடிய ஒரே மனிதர், பெருவிரல்கள் கட்டப்பட்டு என் முன்னால் கிடந்தார்.

“கண்ணாடி சரியில்ல தங்கச்சி,” என்றேன்.

அவர் கடிதத்தைத் திரும்ப வாங்கவில்லை.

“அது நல்ல கண்ணாடியெண்டுதானே அண்ணன் அவர் எப்பவும் சொன்னவர்,” என்றார்.