பையில் இருந்த இரண்டாவது செடி

சித்தப்பாவுக்குத் திருமணமான வருடம் எனக்கு ஒன்பது வயது. சித்தி ஜவ்வாது மலை அடிவாரத்திலிருந்து வந்தவள். எங்கள் வீட்டுக்கு வந்த மூன்று மாதத்தில் அவள் தனக்கென்று எதுவும் கேட்டதில்லை. முதலில் கேட்டது ஒரு சந்தனக் கன்று.

சித்தப்பாவுக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை. விடுமுறை கிடைத்த நாளெல்லாம் படப்பையிலிருந்து வாலாஜாபாத் வரை நர்சரி நர்சரியாக ஏறி இறங்கினார். கம்பெனி மதில் ஓரம் நடும் மரங்கள் வரிசை வரிசையாக இருந்தன. சந்தனம் மட்டும் இல்லை. ஐந்தாவது நர்சரியில் ஒரே ஒரு கன்று கிடைத்தது.

நட்ட மறுநாள் காலையில் பார்த்தேன். பையோடு வந்த மண்ணிலேயே, சந்தனத்தை ஒட்டி ஒரு துவரைச் செடி நின்றது. ஒழுங்கில்லாத எதையும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. வேரோடு பிடுங்கி எறிந்துவிட்டு மண்ணைச் சமன் செய்தேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சித்தி, "இப்பதான் லட்சணமா இருக்குது" என்றாள்.

மூன்றாவது வாரம் இலைகள் மஞ்சளாயின. தண்ணீரைக் கூட்டினேன், குறைத்தேன். ஒன்றும் விளங்கவில்லை. ஒரு மாதத்தில் கன்று வெறும் குச்சியானது. சித்தி அந்தப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டாள்.

சித்தப்பா குச்சியைப் பிடுங்கிக்கொண்டு, எங்கள் இருவரையும் வண்டியில் ஏற்றி நர்சரிக்குப் போனார்.

"இன்னாண்ணே, சாவுற செடியாப் பாத்து குடுத்துக்கிற?"

நர்சரிக்காரர் வேரைத் தட்டிப் பார்த்தார். "கூட ஒரு துவரை இருந்துச்சே, எங்க?"

"அது களைதானே?" என்றார் சித்தப்பா.

"களையா? சந்தனம் பக்கத்துச் செடியோட வேர்லதான் வாய வெச்சு சாப்புடும். தனியா வுட்டா பட்டினி. வாங்கினு போற அல்லாரும் மொதல்ல அதத்தான் புடுங்குறாங்க, அப்பறம் இங்க வந்து சண்ட. அதான் எவனும் சந்தனமே வெக்கிறதில்ல."

"சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னேன். நீ வண்டிய ஸ்டார்ட் பண்ணிகினே தலையாட்டுன."

சித்தப்பா எங்கள் பக்கம் திரும்பினார். "யாரு புடுங்குனது?"

நான் வாய் திறப்பதற்குள், "நான்தான்" என்றாள் சித்தி.

சித்தப்பா எங்களை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார். சித்திக்கு ஞாபகப் பிசகு என்று நினைத்தேன். வாசலில் இறங்கியதும் திருத்தினேன்: "இல்ல சித்தி, புடுங்குனது நானு. நீங்க துணி காயப்போட்டுகினு இருந்தீங்க."

சித்தி தலை குனிந்துகொண்டாள். சித்தப்பா என்னைப் பார்த்தார். பிறகு வண்டிக்கு ஸ்டாண்டு போடக்கூட மறந்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். திட்டு விழும் என்று காத்திருந்தேன். இருவரில் ஒருவருக்காவது விழுந்திருக்க வேண்டும். யாருக்கும் விழவில்லை. அது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.