அக்கா கோத்துத் தந்த பக்கங்கள்

அக்கா போய் ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் சொந்தங்களே, சிநேகிதர்களே, அவரைப் பற்றி உங்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருக்கும். அதில் எல்லோரும் சொல்லும் ஒரு கதை மட்டும் தப்பு. அதைத் திருத்தாமல் எனக்கு மேற்கொண்டு எழுத வரவில்லை.

கோபிசெட்டிபாளையத்தில் பிறந்தவர். எனக்கு ஆறு வயது மூத்தவர். அவர் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் இருந்தபோது அப்பா தவறினார். படிப்பை நிறுத்தச் சொன்ன பெரியவர்களிடம், "பரீட்சை எழுதிப்போட்டு வாரனுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவர். வாழ்க்கைப்பட்டுத் துடியலூர் வந்ததும், மாமா கட்டிய முன்னறையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்தார். ஒரு பொம்பளை டிஸ்க்கைக் கழற்றுவதை வேடிக்கை பார்க்கவே ஆட்கள் வந்தார்கள்.

எந்தக் கணினி வந்தாலும் ஹார்ட் டிஸ்க்கைப் பாகம் பிரிக்காமல் அனுப்பமாட்டார். கணினி இயங்குவதற்கு ஒரு பாகம், நம் பொருளுக்கு வேறு பாகம். சோமனூர்த் தறிக்காரர் ஒருவர் கேட்டார்: "ஒரே டிஸ்க்கை எதுக்கு அம்மணி ரெண்டா வெட்டறே?"

"வெட்டலைங்க, தடுப்பு வெக்கறேன். கோழியும் ஆடும் ஒரே பட்டியில கெடந்தா உங்களுக்கு ஆகுமுங்களா? கம்ப்யூட்டரு படுத்தாலும் உங்க டிசைன் படுக்கக் கூடாதுங்க."

அப்படிப்பட்டவர் கையால்தான் என் நாவல் அழிந்தது. மூன்று வருட எழுத்து, என் கணினியின் டி டிரைவில், அக்கா பிரித்துத் தந்த இரண்டாம் பாகத்தில், இருந்தது. இடம் போதவில்லை என்று இன்னொரு டிஸ்க் வாங்கிக்கொண்டு, கணினியோடு அக்கா கடைக்குப் போனேன்.

"காப்பி எடுத்துட்டயா கண்ணு?"

"எடுத்தாச்சுக்கா. சீக்கிரம் போடு, பஸ்ஸுக்குப் போகோணும்."

எடுக்கவில்லை. இதுதான் நீங்கள் அறியாதது. காப்பி எடுக்கவென்று பிளாப்பி டிஸ்க்குகளை வாங்கினேன், உறையைக்கூடப் பிரிக்கவில்லை.

ஃபார்மேட் செய்தால் டிஸ்க்கில் இருப்பது போய்விடும் என்பதால், புதியதை ஃபார்மேட் செய்யும்போது பழையதைக் கழற்றி வைப்பது அக்காவின் வழக்கம். நான் பறந்த பறப்பில் அன்று விட்டுவிட்டார். அந்தக் காலத்துக் கணினிக்கு ஒரு குணம் உண்டு. புதிய டிஸ்க்கின் முதல் பாகத்துக்கு டி என்ற எழுத்தைக் கொடுத்து, பழைய டியை ஈ என்று பின்னால் தள்ளிவிடும். கடைசியாக வந்தது கடைசியில்தானே இருக்கும் என்று அக்கா ஈ டிரைவை ஃபார்மேட் செய்துவிட்டார்; என் நாவல் இருந்த பாகம் அது. "வந்தவங்களை முன்வரிசையில உக்கார வெக்கிற மிஷினு கண்ணு. தெரிஞ்சும் மறந்துபோட்டேன்" என்றார். பிறகு, "செரி, உன் காப்பியக் கொண்டா."

நான் கணினியின் வயரைச் சுருட்ட ஆரம்பித்தேன். பேச்சுச் சத்தம் கேட்டு, அக்கா வீட்டுக்கு வந்திருந்த அம்மா உள்ளிருந்து வந்தார். "ஏனம்மணி, தம்பி எழுதுனதையெல்லாம் அழிச்சுப்போட்டயா?"

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. "ஆமாம்மா. என் தப்புதான்."

அன்றிலிருந்து கல்யாண வீடுகளில் எல்லாம் அவர் ‘தம்பி புஸ்தகத்த முழுங்குனவ’. அக்கா சிரித்துக்கொண்டே பந்திக்குப் போவார். நானும் சிரித்தேனே!

இரண்டு மாதம் கடைப்பக்கம் போகவில்லை. கோபம் என்று நினைத்தீர்கள். வெட்கம். அக்காவோ அந்த டிஸ்க்கில் ஓர் எழுத்தும் புதிதாக விழாதபடி எடுத்துப் பூட்டி வைத்திருந்தார். ஃபார்மேட் செய்தால் போவது எது எங்கே என்கிற அட்டவணைதானாம். எழுத்து அங்கேயே கிடக்குமாம். "பஸ் ஸ்டேண்டுல போர்டுகளக் கழட்டிட்டா பஸ்ஸு காணாமப் போயிருமா? ஒவ்வொண்ணா ஏறி, எந்த ஊருன்னு கேக்கோணும்."

ஏறிக் கேட்டார். மீட்டுத் தரும் மென்பொருள் ஒன்றைத் தேடிப்பிடித்து ஓடவிட்டதில் நூற்றுக்கணக்கான துண்டுகள் வந்தன. தலையில்லை, வாலில்லை, ஒவ்வொன்றும் இரண்டு பக்க நீளம். எதற்குப் பின் எது என்று எந்த மென்பொருளுக்கும் தெரியாது, வாசித்தால்தான் தெரியும். ராசிபலன் தவிர வேறெதுவும் வாசிக்காத அக்கா, கடை ஓய்ந்த மத்தியானங்களில் துண்டுகளைத் தாளில் அச்செடுத்து என் நாவலை வாசித்தார். ஒரு தாளின் அடியில் பாதியில் நின்ற சொல்லுக்கு மறுபாதியைத் தேடி, தரையெல்லாம் தாள் பரப்பி.

ஒருநாள் போன். இரண்டு மாதத்தில் முதல் பேச்சு. "உங்கதையில மருதாயி சாகறது கெணறு வத்தறதுக்கு முந்தியா, பொறவா?"

"பொறவுதான்க்கா."

"அப்பச் சேந்துச்சு. ஏன் கண்ணு, அந்தப் புள்ளைய எதுக்குக் கொன்னே? அவ என்ன பண்ணுனா உனக்கு?"

மறுநாளே கடைக்கு ஓடினேன். நாவல் அச்சானது; பதினோரு பக்கம் மட்டும் கிடைக்கவில்லை, திரும்ப எழுதினேன். மருதாயியைக் கொன்றதற்கு அக்கா கடைசிவரை என்னை மன்னிக்கவில்லை.

மற்றதை மன்னித்திருந்தார். ஆஸ்பத்திரியில் ஒரு காலையில் ஆரம்பித்தேன்: "அக்கா, அன்னிக்கு நான் காப்பி…"

"தெரியும் போ. அந்த ஃபேனைக் கொஞ்சம் கொறச்சு வையி, குளுருது."

அக்காவை ஏழு வாரம் குழந்தைபோல் பார்த்துக்கொண்ட மாமாவுக்கும், ரத்தம் கொடுத்த பக்கத்துக் கடைக்காரர்களுக்கும், பேர்கூடச் சொல்லாமல் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன தறிக்காரர் வீட்டு அம்மாக்களுக்கும், வார்டு நர்ஸ் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

அடுத்த கல்யாண வீட்டிலும் அந்தக் கேலி கிளம்பும். கிளம்பட்டும். என்னைப் பார்த்துச் செய்யுங்கள்.