வெடித்த நேவரி

ஜெர்மனியில், ஹம் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். காலை வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் சப்பாத்தைக் கழற்றவே எனக்கு ஒரு ஆள் வேண்டும். அப்படிக் களைத்துப்போன ஒரு நாளில்தான் மனைவியின் பிறந்தநாளுக்கு நேவரி பொரிக்கப் புறப்பட்டேன்.

நேவரி என்பது கொங்கணிப் பலகாரம். பார்வைக்கு எங்கள் பற்றீஸ் மாதிரி, பிறை வடிவில் மூடிப் பொரிப்பது. உள்ளே இனிப்புத் தேங்காய்ப்பூ, அதாவது சீனி சேர்த்த தேங்காய்த் துருவல். செய்முறை சொன்ன கோவாக்காரி என்னோடு வேலை செய்பவர். தேங்காய்ப்பூவை ஈரம் போக வறுக்கச் சொல்லியிருந்தார். நானோ பெரிய சமையல்காரன். கொழுக்கட்டைக்கு வறுக்கிறோமா என்ன? உறைபெட்டியில் இருந்த ஈரத் தேங்காய்ப்பூவை எடுத்துச் சீனியோடு குழைத்து, அப்படியே மாவுக்குள் வைத்து மூடினேன்.

கொழுக்கட்டை அவிவது ஆவியில், இது பொரிவது கொதிக்கிற எண்ணெயில் என்பது களைத்த மூளைக்கு எட்டவில்லை. உள்ளே இருந்த ஈரம் ஆவியாக, முதல் நேவரி ஊதி எழும்பியது. ஆசையோடு குனிந்து பார்த்தேன். படார்! எண்ணெய் முகத்தில் அடித்தது.

மனைவி ஓடிவந்து அடுப்பை அணைத்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, என் தலையைக் குழாய்த் தண்ணீரின் கீழ் பிடித்தாள்.

"கண் தெரியுதோ?"

"ஓம், நீர் கோவமா நிக்கிறது வடிவாத் தெரியுது."

அவள் சிரிக்கவில்லை. கழற்றிய மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக் காட்டினாள். இரண்டு பக்கமும் எண்ணெய்த் துளிகள். கண்ணாடி இல்லாவிட்டால் அவை கண்ணுக்குள் போயிருக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இப்போது தேங்காய்ப்பூவை உதிரியாகும் வரை வறுத்து, ஆறவிட்டுத்தான் உள்ளே வைக்கிறேன். வேலை முடிந்து வந்த நாளில் எண்ணெய்ச்சட்டியைத் தொடுவதே இல்லை. அன்றைக்கு யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் பாணும் அதில் தடவ ஜாமும்தான்.