போனக்காட்டுக்கு ஏறிய பென் டிரைவ்

எனக்கு ஒரு கெட்ட குணம். ஒரு மெஷின் ஏன் ஓடவில்லை என்று தெரியாமல் விட்டால் சோறு இறங்காது. என் வீட்டுக்காரர் இதைத் தலைவலி என்பார், நான் ஆர்வம் என்பேன். ஆரியசாலையில் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலை பார்ப்பதால் இந்தக் குணத்துக்குத் தீனி கிடைத்துக்கொண்டே இருக்கிறது. எதிரே உள்ள மொத்தக்கடையில் பருப்பு பாக்கெட் போடும் பெண் ஒரு மதியம் வந்து, "அக்கா, நெட் இல்லாத கம்ப்யூட்டர்ல சாப்ட்வேர் ஏத்த முடியுமா?" என்று கேட்டாள். நான் டிபன் டப்பாவை மூடி வைத்துவிட்டேன்.

அவளுடைய அப்பா அம்மா போனக்காட்டில், தேயிலை எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றில் இருக்கிறார்கள். அப்பா எஸ்டேட் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தவர், வீட்டிலும் ஒரு பழைய கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார். எட்டு மாதத்துக்கு முன் தொண்டையில் ஆபரேஷன் செய்து குரல்பெட்டியை எடுத்துவிட்டார்கள். சொல்ல வேண்டியதை எழுதிக் காட்டலாம்தான், ஆனால் அம்மாவுக்கு எந்த பாஷையிலும் ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது.

"கையைத் தட்டித்தான் கூப்பிடுறாரு. அம்மா என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுறாரு. அம்மாவுக்கு அதுதான் பயம். இந்த மனுஷன் எங்கிட்ட சண்டை போடாம ஒரு நாள் இருந்ததில்லையே, இப்போ எல்லாத்துக்கும் சரிங்கிறாரேன்னு புலம்புது" என்றாள். டைப் அடித்தால் வாய்விட்டுப் படிக்கும் சாப்ட்வேர் இருக்கிறது என்று அவளிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"பெட்டியை இங்க கொண்டு வா. அஞ்சு நிமிஷ வேலை."

"போன வருஷம் ஒருக்கா கொண்டு வந்தோம் அக்கா. பஸ் குலுக்கின குலுக்குல உள்ள இருந்த டிஸ்க் போச்சு. இனிமே அப்பா அதைத் தொட விடமாட்டாரு."

போனில் ஏற்றலாமே என்றேன். அப்பா ஒரு தடவை அமுக்கினால் மூன்று எழுத்து விழுகிறதாம். சிக்னல்? "பாறை மேல ஏறி நின்னா ஒரு கோடு வரும், கேட்டோ. மழைன்னா அதுவும் இல்லை."

எந்த பாஷையில் டைப் அடிப்பார் என்று கேட்டேன். "மலையாளம்தான். ஆபீஸ்ல எல்லாம் மலையாளம் அல்லே" என்றாள். மலையாளக் குரல் கோப்பை இறக்கி பென் டிரைவில் போட்டுக்கொண்டேன். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளோடு பஸ் ஏறினேன். மலையில் இறங்கி நடந்தபோது கணுக்காலில் அட்டை ஏறியது, அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அவள் அப்பாவை மாமா என்றும் அம்மாவை அத்தை என்றும் கூப்பிட ஆரம்பித்திருந்தேன். மாமா கழுத்தில் ஒரு வெள்ளைத் துணி கட்டியிருந்தார். என் விரல் போகும் இடமெல்லாம் அவர் கண்ணும் போனது.

சாப்ட்வேர் ஏறவில்லை. இன்னொரு கோப்பு வேண்டும் என்றது. அது என்னிடம் இருந்தது, கொடுத்தேன். அந்தக் கோப்பு வேறு இரண்டு கோப்பைக் கேட்டது. கல்யாணத்துக்கு ஒருத்தரை அழைத்தால், என் மச்சினனுக்குப் பத்திரிகை வைக்காமல் நான் வரமாட்டேன் என்று சொல்வார்களே, அந்தக் கதைதான். நெட் இருக்கும் இடத்தில் மெஷினே எல்லா வீட்டுக்கும் போய்ப் பத்திரிகை வைத்துவிட்டு வந்துவிடும், நமக்குத் தெரியவும் தெரியாது. இங்கே ஒவ்வொரு வாசலாக நானே ஏற வேண்டும். எரிச்சல் வந்தது உண்மை. ஆனால் இத்தனை சொந்தக்காரர்கள் உள்ளே ஒளிந்திருக்கிறார்களா என்று பார்க்க ருசியாகவும் இருந்தது. கேட்ட பெயர்களை எல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மாமா விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து ஏதோ அடித்தார். "என்ன எழுதியிருக்காரு?" என்று அத்தை என்னிடம் கேட்டார். "பரவாயில்ல, அடுத்த வாரம் வா, மதியம் இங்கயே சாப்பிடணும்னு எழுதியிருக்காரு" என்றேன். புருஷன் சொன்னதை நேற்று வரை முகம் தெரியாத நான் பெண்டாட்டிக்குப் படித்துக்காட்ட வேண்டியிருந்தது. எனக்குக் கூச்சமாக இருந்தது.

அந்த வாரம் முழுவதும் கடையில் ஒரு பழைய மெஷினின் நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு அதில் ஏற்றிப் பார்த்தேன். ஓடுகிற நெட்டை எதற்குப் பிடுங்குகிறாய், வட்டா, பைத்தியமா உனக்கு என்று முதலாளி கேட்டார். மெஷின் ஒன்றும் கேட்காமல் வாயை மூடியபோது பென் டிரைவில் பதினேழு கோப்புகள் சேர்ந்திருந்தன.

அடுத்த ஞாயிறு நான் அவற்றை ஒவ்வொன்றாக ஏற்ற ஏற்ற, அத்தை அடுப்பங்கரையிலிருந்தே கதை சொன்னார். மாமா கோழிக்கூட்டைத் திறந்து போட்டுவிட்டதால் மரநாய் வந்து இரண்டு கோழியைத் தூக்கிக்கொண்டு போன கதை. லயத்தில் எல்லோருக்கும் இதைச் சொல்லி முடித்திருப்பார் போலிருக்கிறது. மாமா மேஜையை இரண்டு தரம் தட்டினார். அத்தை நிறுத்தவில்லை.

கடைசிக் கோப்பும் ஏறியது. மாமாவுக்கு இடம் விட்டு எழுந்தேன். அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்து மெதுவாக அடித்தார். ஸ்பீக்கரிலிருந்து ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி ஓர் ஆண் குரல், சுத்த மலையாளத்தில், சாயா வேண்டும் என்றது.

அத்தை கையில் காலி டம்ளரோடு வாசற்படியில் அப்படியே நின்றார். முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "இதா கொண்டு வரேன் சாரே" என்றார். எந்த ஆபீசர் வந்திருக்கிறார் என்று அறையைச் சுற்றிப் பார்த்தார். மகள் சிரித்துவிட்டாள். மாமா சிரிக்கவில்லை. கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்பாதாம்மா பேசுறாரு" என்றாள் மகள்.

"அவரு எப்போ எங்கிட்ட மலையாளம் பேசியிருக்காரு? இது ஆபீஸ்காரன் குரலு."

என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. நானும் இந்த ஊர்க்காரிதானே. வீட்டில் தமிழ், ரேஷன் கடையில் மலையாளம், மனு எழுதினால் மலையாளம், மாமியாரோடு சண்டை என்றால் தமிழ். கை எந்த பாஷையில் அடிக்கும் என்று கேட்ட புத்திசாலி, வாய் எந்த பாஷையில் பேசும் என்று கேட்கவில்லை. "தப்பு என்மேலதான் மாமா. அடுத்த வாரம் தமிழ்க் குரல் கொண்டு வரேன்" என்றேன்.

மாமா கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். மறுபடியும் அடிக்க ஆரம்பித்தார். குனிந்து பார்த்தேன். எழுத்து மலையாளம், சொல் தமிழ். மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்த எங்கள் பிள்ளைகள் இப்படித்தான் எழுதும். என் அண்ணன் மகள் தினமும் எனக்கு இப்படித்தான் மெசேஜ் அனுப்புகிறாள். இருந்தும் இதை மெஷினுக்குக் கொடுத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அதற்குத் தமிழ் தெரியாவிட்டால் என்ன, எழுத்து தெரியுமே.

"கோழிக்கூட்டைத் தொறந்து போட்டது நான் இல்லை. நீதான்" என்றது குரல், மலையாள ராகத்தில் இழுத்து.

அத்தை ஒரு கையை இடுப்பில் ஊன்றினார். "யாரு, நானா? பொய் சொல்லாதீங்க. கடைசியா கூட்டுப் பக்கம் போனது யாரு?"

மாமா டக்டக்கென்று அடித்தார். "முட்டை எடுக்கப் போனது யாரு?"

"முட்டை எடுத்தா கதவைச் சாத்த மாட்டேனா?"

"சாத்தல."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அத்தையின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தோற்றுக்கொண்டிருந்தார், பூரித்துப் போயிருந்தார். "எட்டு மாசமா மனசுல வச்சிருந்தது இந்தக் கோழியைத்தானா? வேற சொல்ல ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டார்.

மாமாவின் விரல்கள் நின்றன. பிறகு அடிக்கத் தொடங்கினார். நிறைய அடித்தார், அழித்தார், திரும்ப அடித்தார். அதுவரை வாய் ஓயாதிருந்த அத்தை கையில் டம்ளரோடு பேசாமல் காத்திருந்தார்.

"ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல என்னைப் படுக்க வச்சிருந்தாங்க. உன்னைக் கூப்பிட்டேன். பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். நீ டீ வாங்கப் போயிருந்தே. அப்புறம் உள்ள கொண்டு போயிட்டாங்க."

அத்தை டம்ளரை ஜன்னல் திண்டில் வைத்தார்.

"எனக்குக் கேக்கலையே" என்றார். கொஞ்சம் கழித்து, "இப்போ கூப்பிடுங்க" என்றார்.

மாமா நாலு எழுத்து அடித்தார். மெஷின் அத்தையின் பெயரைச் சொன்னது, கடைசி எழுத்தை நீட்டி.

"இதா வந்துட்டேன்" என்றார் அத்தை, மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டே.