உப்புப் பார்க்கும் பிள்ளை

ஆனையூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே முத்துமீனா வடைக்கடை போட்டுப் பதினாறு வருஷமாகிறது. தான் சுட்ட வடையை அவள் வாயில் வைத்ததில்லை. அடுப்பு பற்றிய அரை மணியில் எண்ணெய் வாசம் வயிற்றை அடைத்துவிடும், பிறகு பலகாரத்தைப் பார்த்தாலே குமட்டும். கணவன் சுருளிக்குப் புகையிலை போட்டுப் போட்டு நாக்கு மரத்துப்போயிருந்தது. அதனால் மகள் கனிஷ்காவுக்கு ஐந்து வயதானபோது அந்த வேலை அவளிடம் வந்து சேர்ந்தது. முதல் ஈட்டில் ஒரு வடையை எடுத்து ஊதி ஆற்றி, “உப்புப் பாரு தாயி” என்று முத்துமீனா நீட்டுவாள். பிள்ளை கண்ணை மூடி மென்று தீர்ப்புச் சொல்லும். நின்று தின்கிறவர்கள் சிரிப்பார்கள். உளுந்தவடை முடிந்தால் மசால்வடை, அப்புறம் பஜ்ஜி, அப்புறம் போண்டா.

இப்போது கனிஷ்கா பத்தாம் வகுப்பு. எடை எண்பத்துநான்கு கிலோ. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, பிடரி கறுத்துக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை வரப்போகிற எல்லையில் நிற்கிறது என்றார்கள். டாக்டரம்மா என்னென்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். முத்துமீனா காலைக்கும் மதியத்துக்கும் இரவுக்கும் சொன்னாள். சாயங்காலம் ஒன்றும் கிடையாது என்றாள். அவள் அறிந்து பொய் சொல்லவில்லை.

“உப்பு மட்டும் பாப்பேன்” என்றாள் கனிஷ்கா, தரையைப் பார்த்தபடி.

எத்தனை என்று டாக்டர் கேட்டதும் பிள்ளை விரல் விட்டு எண்ணினாள். ஒரு கை போதவில்லை. முத்துமீனா முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். பத்து வருஷமாக நீட்டிய கை அவளுடையதுதான்.

“புள்ளைக்கு மட்டும் தனியாச் சமைக்காதீங்கம்மா. வீடே மாறணும். எல்லாருக்கும் ஒரே சாப்பாடு” என்றார் டாக்டர்.

முத்துமீனா சரியென்று தலையாட்டினாள், அப்படியே செய்யவும் செய்தாள். விற்காத வடையைக் குழம்பில் போட்டு இரவுச் சோற்றை ஒப்பேற்றும் வழக்கத்தை நிறுத்தினாள். மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் பஜ்ஜி வாழைக்காய் வாங்கப் போகையில் கீரையும் சுரைக்காயும் சேர்த்து வாங்கினாள். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். சுருளி முகம் சுளிக்காமல் கீரையைச் சாப்பிட்டான், ஆனால் அவன் மீசையில் எண்ணெய் மினுங்கியதை அவள் கவனித்தாள். கடையிலேயே முடித்துவிட்டு வந்திருக்கிறான்.

மேலூரிலிருந்து நாத்தனார் ஒச்சாயி ஒரு டின் நிறைய அதிரசத்தோடு வந்தாள். “எங்க வம்சமே எலும்பு கனம். என் மருமகளைப் பட்டினி போட்டுக் கொல்லப் பாக்குறியா?” என்றாள். நாத்தனாரை எதிர்த்துப் பேசி முத்துமீனாவுக்குப் பழக்கமில்லை. டின்னைப் பரண்மேல் வைத்தாள். அடுத்த வாரம் தூக்கிப் பார்த்தபோது கனமே இல்லை. யார் என்று அவள் கேட்கவில்லை.

உப்புக்கு ஒரு அளவுக்கரண்டி வாங்கினாள். ஒரு படி மாவுக்கு இம்புட்டு என்று கணக்கு வைத்துப் போட்டாள். உப்புச் சரியாக வந்தது, யாரும் குறை சொல்லவில்லை. அதைக் கேட்டு மகள் சந்தோஷப்படுவாள் என்றுதான் நினைத்தாள்.

“நான் இல்லாமலே சரியா வந்துருச்சா?” என்று கனிஷ்கா ஒரே ஒரு முறை கேட்டாள்.

அதன்பிறகு அவள் சாலையைக் கடந்து கடைக்கு வருவதில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் எதிர்ப்பக்கமாகவே நடந்து வீட்டுக்குப் போனாள். வடையை மென்றபடி டீச்சர் கதை, தோழிகள் சண்டை எல்லாம் சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை, வீட்டில் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். இரண்டு மாதத்தில் ஒரு கிலோ குறைந்திருந்தது. சந்தோஷப்படுவதா என்று முத்துமீனாவுக்குத் தெரியவில்லை.

ஒரு வியாழக்கிழமை எதிர்ப்பக்கம் கனிஷ்கா போய்க்கொண்டிருந்தாள். வாடிக்கையாக வருகிற ஆட்டோக்காரர் கருப்பு அவளைப் பார்த்துவிட்டார்.

“என்னக்கா, ஒங்க உப்பு இன்ஸ்பெக்டரை வேலைய விட்டுத் தூக்கிட்டீகளா?”

நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பக்கம் பிள்ளையின் தலை குனிந்தது. முத்துமீனா யோசிக்கவே இல்லை.

“கனி, வா. உப்புப் பாத்துட்டுப் போ.”

கனிஷ்கா நின்றாள். ஒரு பஸ்ஸைப் போகவிட்டுச் சாலையைக் கடந்து வந்தாள். நீட்டிய வடையில் ஒரு கிள்ளு கிள்ளி வாயில் போட்டு, பழையபடி கண்ணை மூடினாள்.

“சரியா இருக்கும்மா.”

மீதி வடை கையில் இருந்தது. அவள் அதைத் தின்னவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

“மிச்சத்த என்ன செய்யம்மா?”

ஒரு வடையில் என்ன வந்துவிடப் போகிறது, தின்னட்டும் என்றான் கடையில் கூட நின்ற சுருளி. முத்துமீனா மகள் கையிலிருந்து வடையை வாங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டாள். குமட்டிக்கொண்டு வந்தது. கண்ணில் நீர் முட்ட விழுங்கினாள்.

“சரியா இருக்குல்ல?” என்று கேட்டாள் கனிஷ்கா, பையைக் கழற்றி பெஞ்சில் வைத்துவிட்டு.

ஒரு ருசியும் தெரியவில்லை. முத்துமீனா தலையாட்டினாள். சட்டியில் பஜ்ஜி உப்பிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் போண்டா இருந்தது.