முடிச்சைப் பிடித்த பத்தொன்பது பேர்

1983.09.05: பிள்ளைகள் 6, கையிருப்பு ரூபா 2,150.
1990.06.18: பிள்ளைகள் 14, ரூபா 860.
1995.10.30: பிள்ளைகள் 19, ரூபா 312.

மானிப்பாயில் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் இல்லத்தை நடத்தியவர் குணலட்சுமி. தினமும் கிணற்றடிக்கு அவர்களைக் கயிற்றைப் பிடிக்கவைத்தே கூட்டிப்போவார், ஆளுக்கொரு முடிச்சு. இராணுவம் நெருங்க, மானிப்பாயோடு வலிகாமப் பகுதி முழுவதுமே இடம்பெயர்ந்த அன்றும் அந்தக் கயிற்றோடுதான் புறப்பட்டார். ஒரு பிள்ளை தவறினாலும் தாய்க்கு என்ன பதில் சொல்வது?

நாவற்குழிப் பாலத்தில் சனம் நெருக்கியது.

"அக்கா, கயித்தை விட்டிட்டு ஒவ்வொருத்தராய் அனுப்புங்கோ," என்றார் சைக்கிளோடு நின்ற ஒருவர்.

"நான் விட்டாலும் உவையள் விடாயினம், தம்பி. நீர் சைக்கிளை ஓரமாய் அரக்கும்."

பத்தொன்பது பேரும் முடிச்சை விடாமலே கொடிகாமம் சேர்ந்தார்கள். பிள்ளை சுகம் என்று குணலட்சுமி எல்லா வீடுகளுக்கும் எழுதினார். பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. கடைசியான பத்தொன்பதாவது கடிதம் வந்தது 1995 டிசம்பர் 21 அன்று.