ரத்தம் குடிக்க வந்தவனுக்கு மோர்

என் மச்சினன் சினிமா எடுக்கப்போகிறேன் என்றபோது எங்கள் தெருவே சிரித்தது. சிங்கப்பூர் வேலையிலிருந்து லீவில் வந்தவன். படம், வேறு கிரகத்திலிருந்து இறங்கி மனிதர் ரத்தம் குடிக்கும் ஒருவனின் கதை.

"நம்ம ஊரு கொசுவ விடவா அவன் குடிச்சிடப் போறான்?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. "படம் ஓடலைன்னா பேசாம சிங்கப்பூருக்குக் கிளம்பிடணும்" என்றார். திரும்பிப் போக டிக்கெட்டும் போட்டாயிற்று. அவனுக்குப் போக மனசில்லை என்பது எனக்கும் என் மனைவிக்கும் தெரியும்.

மூடிக்கிடந்த ரைஸ்மில்லில் நெல் அவிக்கும் இரும்புத் தொட்டிதான் விண்கலம். அறுவடை மெஷின் ஓட்டும் நண்பர் ஒல்லியாக, நெடுநெடுவென்று இருப்பார்; அவர்தான் காட்டேரி. லைட் வாடகைக்கு வழியில்லாததால் பகலில்தான் எடுத்தோம்; அதனால் எங்கள் காட்டேரிக்கு வெயில் ஒன்றும் செய்யாது. தெர்மாகோல் அட்டை பிடித்து முகத்துக்கு வெளிச்சம் காட்டியது நான். கதையில் ஒரு விதி: வீட்டுக்காரர் கூப்பிடாமல் அவனால் வாசற்படி தாண்ட முடியாது. அவன் கிரகத்து விஞ்ஞானிகள் உடம்பை அப்படிச் செய்து அனுப்பியிருக்கிறார்கள்.

என் மனைவிக்கு ஒரே வேலை. கதவைத் திறக்க வேண்டும், மிரள வேண்டும், "யாரு நீ? போ!" என்று சாத்த வேண்டும்.

கதவைத் திறந்தாள். "வாங்க, வாங்க" என்றாள்.

"அக்கா! அவன் ரத்தம் குடிக்க வந்தவன்க்கா!"

"தெரியுதுடா. வாசல்ல ஆளு நின்னா வாயி தானா சொல்லிடுதே."

மறுபடி எடுத்தோம். மறுபடியும் "வாங்க". கூடவே, "இந்த வெயில்ல வந்திருக்கீங்களே, மோர் தரட்டுமா?" மேக்கப் வழிய நின்றவர், கோரைப்பல்லோடு "குடுங்கக்கா" என்று உள்ளே போய்க் குடித்தேவிட்டார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

தலையில் கைவைத்து உட்கார்ந்த மச்சினன், சாயங்காலம் எடுத்ததைப் போட்டுப் பார்த்துவிட்டு, "அத்தான், இதுதான் படம்" என்றான். கதை மாறியது. காட்டேரி யாரையும் துரத்த வேண்டாம். வாசல் வாசலாகப் போய் நிற்பான். எல்லோரும் "வாங்க" என்பார்கள். அவனுக்குப் பின்னால் கதவு மெதுவாகச் சாத்திக்கொள்ளும். இதற்காகத் தெருவில் கேட்டோம். சிரித்தவர்களில் ஒரு வீடுகூட இல்லையென்று சொல்லவில்லை. நடிக்கச் சொல்லித் தரவும் வேண்டியிருக்கவில்லை.

மன்னார்குடியில் ஒரு தியேட்டர்காரர் மனசு வைத்து ஒரு காலைக்காட்சி தந்தார். முதல் "வாங்க"வுக்குக் கொட்டகை சிரித்தது. மோருக்கு விசில் பறந்தது. வீட்டுக்கு வீடு சிரிப்பு குறைந்தது. கைக்குழந்தையோடு ஒரு பெண் கதவைத் திறந்தபோது சத்தமே இல்லை. கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் மட்டும்:

"ஏ பொண்ணே, வாங்கன்னு சொல்லித் தொலைக்காத!"

திரும்பிப் பார்த்தேன். மாமனார் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் தியேட்டர்காரர் மத்தியானமும் போடலாம் என்றார். "எல்லாரும் வீட்டுக்கு வாங்க, சாப்பிட்டுப் போகலாம்" என்றாள் என் மனைவி. "அம்மா, அத மட்டும் சொல்லாதீங்க!" என்று அவர் ஓரடி பின்னால் போனார்.

மாமனார் மகனைத் தாண்டி நேரே என்னிடம் வந்தார். பைக் நிறுத்துமிடத்தில் என் தோளைத் தொட்டார்.

"மாப்ள, அந்த டிக்கெட்ட கேன்சல் பண்ண வழியிருக்கா, பாருங்க."

அந்தத் தெருவுக்கும், அடக்க முடியாத என் மனைவியின் வாய்க்கும் மனசுக்குள் கும்பிடு போட்டுவிட்டு, அங்கேயே செல்போனை எடுத்தேன்.